நான் தலைகீழாக வரைந்த தோட்டம்

எங்கள் ஊரை யாராவது "சின்ன ஊர்தானே" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈப்போவிலிருந்து வடக்கே செமோரையும் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டியே போனால் ஒரு வளைவில் வரும். கண் சிமிட்டினால் தாண்டிப் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஒரே தெரு. இரண்டு பக்கமும் பழைய கடைவரிசை. ஒரு கோப்பிக்கடை, ஒரு பள்ளிவாசல், குகைக்குள் ஒரு சீனக் கோயில், நமக்கு மட்டும் மூன்று கோயில், மூன்றுக்கும் தனித்தனித் தலைவர்கள். ரயில் உண்டு, நிற்காது. அவ்வளவுதான் ஊர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இந்த ஒரு தெருவுக்குள் எத்தனை ஊர் மடங்கிக் கிடக்கிறது தெரியுமா? முதலில் ஈயம் தோண்டினார்கள். ஈயம் தீர்ந்ததும் குளங்கள் மிஞ்சின, இன்று அந்தக் கரைகளில் சீனர்கள் பொமேலோ என்னும் பம்பளிமாஸ் பயிரிடுகிறார்கள். தெருவுக்குத் தெற்கே ரப்பர் நட்டார்கள். ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையை வெட்டி வீடு கட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வழி மாறியது, வாசல் மாறியது, ஓடைகூட இடம் மாறியது. மனிதர்கள் மட்டும் அதே தெருவில் அதே கோப்பிக்கடையில் உட்கார்ந்து, எல்லாம் தங்களுக்குத் தெரியும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

நான் இந்த ஊரில் பிறந்தவள் அல்ல. பிறந்தது புந்தோங், கல்யாணமாகி வந்தது இங்கே. முப்பது வருடத்துக்கும் மேல் ஈப்போவில் நில வரைபடம் வரையும் வேலை. ஒரு கோட்டை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் ஒருவனுடைய சமையலறை பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போய்விடும் என்ற பயத்திலேயே வளர்ந்த கை இது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வீட்டுக்காரர் கொஞ்சம் இல்லை என்பார். வீட்டில் நாற்காலி கோணலாக இருந்தால்கூட நான் விடமாட்டேன்.

போன வருடம் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். பொது மண்டபத்தின் வெளிச்சுவரில் ஊரின் வரலாற்றைப் பெரிய வரைபடமாக வரைய வேண்டும். ஈயக் குளங்கள், ரப்பர் தோட்டம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள், பழைய பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். யார் வரைவது? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்பதுபோல் ஒரு நிமிடம் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஈயக் குளங்களுக்குப் பழைய அளவை வரைபடம் இருந்தது. தோட்டத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. நிர்வாகம் மூன்று கை மாறியதில் காகிதம் எல்லாம் போய்விட்டது. தோட்டத்து ஆட்களைக் கேட்டால் முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அது ஒத்துவராது. அட்டையும் கொசுவும் கடித்த இடத்தை நினைத்து அழுவானேன்? கிணறு எங்கே, ஸ்டோர் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, அதைச் சொல்லுங்கள் என்பேன். சொல்ல வரவில்லை என்றால் வரையுங்கள் என்பேன்.

அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அந்தத் தோட்டத்தில் பிறந்து இப்போது நாலா பக்கமும் சிதறிப் போனவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். அதில் ஒரு செய்தி போட்டேன்: ஞாபகத்தில் இருக்கிறபடி தோட்டத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள், அழகு வேண்டாம், இடம்தான் வேண்டும். அந்த ஒரு வாரம் எனக்குத் தலை கால் புரியவில்லை! தெலுக் இந்தானிலிருந்து ஒன்று, நாட்காட்டியின் பின்பக்கத்தில். கிள்ளானிலிருந்து ஒன்று, கல்யாணப் பத்திரிகை உறையில். சிங்கப்பூரிலிருந்து ஒன்று, கணினியில் வரைந்து வண்ணம் தீட்டியது. நம் ஊரிலேயே இருக்கும் லாரி அண்ணன் ஒரு சிமென்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து அதில் வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பதினைந்து வயதில் அந்தத் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் சீவியவர், பிறகு லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

மொத்தம் பதினொரு படங்கள். மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். நம்பமுடியவில்லை, பதினொன்றும் ஒன்றுபோலவே இருந்தன! தாளின் உச்சியில் மேட்டின்மேல் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா. எல்லோருமே பங்களாவை எண்பது குடும்பங்கள் இருந்த லயங்களைவிடப் பெரிதாக வரைந்திருந்தார்கள். நடுவில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம். கீழே லயத்து வீடுகள். இடது பக்கம் ரப்பர் ஸ்டோர், வலது பக்கம் ஓடை. வலது மேல் மூலையில், ஓடைக்கு அப்பால், ஒரு சின்னச் சதுரம். அதன் பக்கத்தில் எல்லோரும் எழுதியிருந்தது சுடுகாடு. எங்கள் பக்கம் புதைக்கிற இடத்தையும் சுடுகாடு என்றுதான் சொல்வோம்.

பதினொரு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே படத்தை வரைந்தால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்த நிலத்தின் இன்றைய அளவை வரைபடத்தை எடுத்தேன். இரண்டு பக்கமும் ஓடை, இரண்டு முனையிலும் மேடு. பங்களா வடக்கு மேட்டில், ஓடை கிழக்கில், சுடுகாடு வடகிழக்கு மூலையில் என்று பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மண்டபச் சுவரில் மூன்று வாரம் ஏணியில் நின்று வரைந்தேன். ஒரு மூலையில் திசை காட்டும் அம்புக்குறியும் போட்டேன், சிவப்பில். திறப்பு விழா அன்று ஊரே வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. மலாய்க்காரர்கள் வாழும் கம்பத்து இமாம்கூட வந்து தன் வீட்டு மாமரத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் படம் எடுக்கவில்லை. கோப்பிக்கடை வாசலில் காலையில் இடியப்பம் விற்கும் அக்கா. அறுபது வயதைத் தொட்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அக்காதான், எனக்கும் அக்காதான். கூட்டம் கலைந்த பிறகு வலது மேல் மூலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது நிஜமா?" என்றார்.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? பதினோரு பேரு வரைஞ்சது."

"இல்லலா. இந்த எடத்துக்குப் போனா, சுடுகாடு இருக்குமா?"

அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அக்கா பிறந்தது அந்தத் தோட்டத்தில். அவருக்கு ஐந்து வயதானபோது அப்பா இறந்துவிட்டார். புயலில் ஒடிந்து தொங்கிய கிளை, மரம் சீவிக்கொண்டிருந்தவர்மேல் விழுந்துவிட்டது. நம் வழக்கம் தெரியும்தானே, பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அம்மாவும் போகவில்லை, மகளும் போகவில்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், கால் கழுவிவிட்டுத் திரும்பினார்கள். லயத்து வீடு வேலை செய்கிறவனுக்குத்தான் என்பதால் ஒரே மாதத்தில் அம்மாவும் மகளும் புந்தோங்கில் மாமன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் திரும்பி வந்தபோது தோட்டம் செம்பனையாகிவிட்டது. எங்கே என்று காட்ட யாருக்கும் நேரமில்லை, கேட்க அக்காவுக்கும் வாய் வரவில்லை.

"அம்மா போன வருசம் போய்ச் சேர்ந்துட்டாங்க. கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான். அவரு எங்க படுத்திருக்காருன்னு ஒரு தடவ பாத்துட்டு வாடின்னு. நானும் பாக்குறேன் பாக்குறேன்னு சொல்லியே நாள ஓட்டிட்டேன். இப்ப மெஷின் வருதாம்லா."

மெஷின் என்றால் மண் சமன்படுத்தும் இயந்திரம். வீடு கட்டும் கம்பெனி வடக்கிலிருந்து ஒவ்வொரு பகுதியாகச் சமன்படுத்திக்கொண்டு வந்தது. கடைசியாக மிஞ்சிய இந்தத் தோட்டத்து நிலத்துக்கு அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. நான் அப்போதே கைப்பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனேன். வேலைத்தள மேற்பார்வையாளர் ஒரு சீனப் பையன், முப்பது வயதுதான் இருக்கும், மஞ்சள் தலைக்கவசம். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவரோ நாற்காலி இழுத்துப் போட்டு, சில்லென்று மினரல் தண்ணீர் கொடுத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மலாயில் சொன்னார்: எங்கள் வரைபடத்தில் கல்லறை எதுவும் இல்லை, ஆன்ட்டி. ஆனால் இருக்கிறது என்று நீங்கள் இடத்தைக் காட்டினால், சுற்றிக் கயிறு கட்டி மேலே தெரிவிக்கிறேன், என் இயந்திரம் அதைத் தொடாது. திங்கள் காலைக்குள் காட்ட வேண்டும். இந்த முழு நிலத்தையும் என்னால் நிறுத்தி வைக்க முடியாது.

சண்டை போட வழியில்லாமல் திரும்பி வந்தேன். ஆனால் எனக்கு ஒரே உற்சாகம்! இடம்தானே? சுவரில் வரைந்தே வைத்திருக்கிறேனே!

சுடுகாடு இருக்கட்டும், அதற்குள் அந்த ஒருவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு லாரி அண்ணன் பதில் வைத்திருந்தார். "தூக்குன ஆறு பேருல நானும் ஒருத்தன்லா. அப்ப எனக்குப் பதினேழு. கால் பக்கம் நான்." அவர் சொன்னது இது: கல்லறை கட்ட யாரிடமும் வசதி இல்லை. மற்றவர்கள் குழியைச் சுற்றிப் போத்தலைக் கவிழ்த்துப் புதைத்து ஓரம் கட்டுவார்கள். ஆனால் இவர் வேலையிலேயே இறந்தவர். அதனால் கூட மரம் சீவிய ஆட்கள் ஒவ்வொருவரும் தன் மரத்திலிருந்து ஒரு மங்கைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மங்கு என்பது மரத்தில் பால் வடிந்து விழும் வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அதைக் குப்புறக் கவிழ்த்து, கழுத்தளவு மண்ணில் புதைத்து, சுற்றிலும் ஓரம் கட்டினார்கள். "மறுநாள் கணக்கு எழுதுற கிராணி கத்துனாரு பாரு கத்து! மங்கெல்லாம் எங்கடான்னு. ஒருத்தனும் வாயத் தொறக்கல." அந்தச் சுடுகாட்டிலேயே மங்கு வைத்த குழி அது ஒன்றுதான் என்றார்.

பீங்கான் மக்காது. நான் கைதட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஊரே கிளம்பியது. எங்கள் ஊரில் கூட்டு வேலை என்றால் ஒரு திருவிழாதான், சொல்லிவைத்தாற்போல் எல்லோருக்கும் கை காலில் தெம்பு வந்துவிடும். மலாய்க் கம்பத்து ஆண்கள் முதுகில் மாட்டும் புல்வெட்டி இயந்திரங்களோடு வந்தார்கள். பொமேலோ தோட்டக்கார அம்மா ஒரு பெட்டி பழமும் இரண்டு மண்வெட்டியும் கொண்டுவந்தார். மூன்று கோயில் தலைவர்களும் ஒரே இடத்தில் நின்றார்கள், அதைப் பார்க்கவே சிலர் வந்திருப்பார்கள். நான் கைப்பேசியில் என் வரைபடத்தை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அன்று என்னிடம் ஒரு விசில்கூட இருந்தது.

வடகிழக்கு மூலை. ஓடை இருந்தது. மேடு இருந்தது. ஓடையைத் தாண்டியதும் கொஞ்சம் சமமான நிலம் இருந்தது. எல்லாம் அச்சு அசலாக அப்படியே. புல்லை வெட்டினோம், இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தோம், தோண்டினோம். பத்து மணிக்கு ஒரு தேநீர்க் கெண்டியின் மூடி கிடைத்தது. பதினொரு மணிக்கு ஈயச் சுரங்கத்து இரும்புத் துண்டு ஒன்று. பிறகு கல், மண், வேர். மங்கு இல்லை. போத்தல்கூட இல்லை.

லாரி அண்ணன் ஒரு செம்பனை மரத்துக்கும் இன்னொரு செம்பனை மரத்துக்கும் இடையில் போவதும் வருவதுமாக இருந்தார்.

"ஓடையும் இருக்கு, மேடும் இருக்கு. ஆனா என் காலுக்கு இந்த எடம் தெரியலலா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெயில் வேறு. "உங்க படத்துலதானே இருக்கு! நீங்களே வரைஞ்சிட்டு நீங்களே தெரியலன்னா எப்படிண்ணே?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர், என் அண்ணன் வயதுக்காரர். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

மாலை நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அக்கா யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மண்வெட்டி பிடித்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "சிரமப்பட்டீங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். என்னிடமும் வந்து சொன்னார். எனக்கு அந்தக் கை சுட்டது.

மறுநாள் ஞாயிறு விடிந்ததும் லாரி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வந்தேனா, படத்தைத் திருத்த வந்தேனா, எனக்கே தெரியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தேன்.

"அத விடு. கோப்பி குடிக்கிறியா?" என்றார்.

மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். மேசையில் ஒரு புதுத் தாளை விரித்தேன். அந்த மேசை வடக்குச் சுவரை ஒட்டியது. அவரை வடக்குப் பார்த்து உட்கார வைத்து, கையில் பென்சில் கொடுத்தேன்.

"அண்ணே, இப்ப நீங்க வடக்குப் பாத்து ஒக்காந்திருக்கீங்க. தாள் அப்படியே நெலம்னு வச்சுக்குங்க. நிதானமா, ஒவ்வொண்ணா போடுங்க."

அவர் தாளைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் எதிர்ப்பக்கம் போய், சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். இப்போது அவர் முகம் தெற்கே இருந்தது.

"ஏண்ணே அங்க போறீங்க?"

"அந்தப் பக்கம் ஒக்காந்தா பங்களா எனக்கு முதுகுக்குப் பின்னால வருதுலா. எப்படி வரையறது? பங்களா மேலதானே இருக்கணும்."

என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "பங்களா வடக்குலதானே?"

"யாரு சொன்னா?"

யார் சொன்னது? பதினொரு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்!

"பெரட்டுல நிப்போம்ல, இருட்டுல. பங்களா வெளக்கப் பாத்துதான் வரிசை. அங்கேருந்துதானே துரை எறங்கி வருவாரு. பேரு கூப்பிட்டு முடியறப்ப இந்தப் பக்கம் வானம் வெளுக்கும்" என்று சொல்லித் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கன்னத்துலதான் மொத வெளிச்சம் படும்."

இடது கன்னத்தில் கிழக்கு என்றால், முகம் தெற்கில். பங்களா தெற்கில். ஓடை மேற்கில். சுடுகாடு தென்மேற்கு மூலையில். நாங்கள் தோண்டிய இடத்துக்கு நேர் எதிர் மூலை!

நான் மேசையைத் தட்டிக் கத்தியதில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. பதினொரு பேரும் சரியாகத்தான் வரைந்திருக்கிறார்கள். அவர்கள் தாங்கள் நின்ற இடத்திலிருந்து வரைந்தார்கள். விடியும் முன்பே எழுந்து பங்களாவைப் பார்த்து நின்றவர்களுக்கு உலகத்தின் உச்சி அதுதான். நான்தான் வானத்தில் உட்கார்ந்துகொண்டு, தாளின் உச்சி என்றால் வடக்கு என்று, கேட்காமல் கொள்ளாமல் ஓர் அம்புக்குறியைப் போட்டுவிட்டேன். முப்பது வருட அனுபவம், சிவப்பு மையில்.

அண்ணனுக்கு ஏன் முன்தினம் தெரியாமல் போனது? அதுவும் அப்போது விளங்கியது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலை ஸ்டோர் பக்கம், கிழக்கே இருந்தது. நெடுஞ்சாலை வெட்டியபோது அது அடைபட்டுப்போனது. நாங்கள் போனது வடக்கில் புதிதாகத் திறந்த கம்பெனி வாசல் வழியாக, விசில் ஊதிக்கொண்டு நான் முன்னால். அவர் மரியாதைக்குப் பின்னால் வந்தார்.

"அண்ணே, லாரிச் சாவி எங்க?"

"லாரி வித்து மூணு வருசமாச்சு. மோட்டார் இருக்கு, போலாம் வா."

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு நேராகக் கோப்பிக்கடைக்குப் போனோம். அக்கா இடியப்பத்தை வாழையிலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "அக்கா! தெற்கு! தெற்குலக்கா!" என்று நான் கத்தினேன். என்ன தெற்கு என்று அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அடுப்பை அணைத்துவிட்டார். வரிசையில் நின்றவர்களும் கேள்வி கேட்காமல் கிளம்பிவிட்டார்கள். கோப்பிக்கடைக்காரர் தன் வேனை எடுத்தார். அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்து வேனில் ஏறினார். நான் போகிற போக்கில் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் சட்டையும் செருப்புமாகச் செமோரிலிருந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனதும் நான் விசிலைத் தொடவில்லை. "அண்ணே, நீங்க முன்னால போங்க" என்றேன்.

அண்ணன் தென்கிழக்கு ஓரம் வரை எங்களை அழைத்துப் போனார். பழைய செம்மண் சாலை நெடுஞ்சாலைக் கம்பிவேலியில் முட்டி நிற்கும் இடம் அது. அங்கே வேலிக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு நடக்க ஆரம்பித்தார், முதலில் மெதுவாக, பிறகு நாங்கள் ஓடித்தான் கூட வர முடிந்தது. செம்பனை மட்டைகளை மிதித்துக்கொண்டு, ஒரு தடவைகூட நிற்காமல், "இங்க ஸ்டோர் ஓரம்... இங்க கெணறு... தூக்கிட்டு வர்றப்ப இங்க ஒரு தடவ எறக்கி வச்சோம், தோள் மாத்த..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். ஓடைக்குள் செருப்போடு இறங்கி ஏறினார். அக்காவும் அப்படியே இறங்கினார், பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்கத் தோன்றவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டின் அடியில் அண்ணன் நின்றார். "இதான்" என்றார்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. செம்பனை, புதர், காய்ந்த மட்டை. மேற்பார்வையாளர் தன் வண்டியிலிருந்து இரும்புக் கம்பி கொண்டுவந்திருந்தார். குத்திய நாலாவது இடத்தில் கண்ணாடி உடையும் சத்தம். தோண்டினால் போத்தல், கவிழ்த்து வைத்த போத்தல்! ஒன்று, இரண்டு, வரிசையாக. சுடுகாடுதான்! கோப்பிக்கடைக்காரர் ஆளைத் தூக்கிக் குதிக்கவைத்துவிட்டார், என்னைத்தான். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கையாலேயே மண்ணைக் கிளற ஆரம்பித்தோம். போத்தல், போத்தல், போத்தல். அரை மணி நேரம் போயிருக்கும். மேட்டை ஒட்டிய ஓரத்தில் மேற்பார்வையாளர் மலாயில் கூப்பிட்டார்: ஆன்ட்டி, இது போத்தல் இல்லை, கிண்ணம் மாதிரி இருக்கிறது.

செம்மண்ணுக்குள் ஒரு வெள்ளை வட்டம். அண்ணன் மண்டியிட்டுச் சட்டை நுனியால் துடைத்தார். மங்கின் அடிப்பாகம். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு மனிதன் படுக்கிற நீளத்துக்கு, சுற்றி வளைத்து, இரண்டு மூன்று உடைந்திருந்தன, மற்றதெல்லாம் அப்படியே. செம்பனையின் வேர் ஒன்று நடுவில் ஓடியிருந்தது. அந்த மனிதர்கள் ஒரு வார்த்தை பேசாமல் மரத்திலிருந்து கழற்றி வந்து வைத்த மங்குகள். நான் சத்தமாக அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொள்பவர்களைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் யாரும் அப்போது ஞாபகப்படுத்தவில்லை, நல்லவேளை.

மேற்பார்வையாளர் கம்பு நட்டுச் சிவப்பு நாடா கட்டத் தொடங்கினார். முழுச் சுடுகாட்டுக்குமா என்று கேட்டேன். முழுவதும்தான், இயந்திரக்காரனுக்கு நானே சொல்லிவிடுகிறேன், நாளை இந்த மூலைக்கு வரமாட்டான் என்றார்.

அக்கா மங்கு வரிசைக்கு வெளியே உட்கார்ந்து பையைப் பிரித்தார். உள்ளே ஒரு புது வேட்டி, ஒரு துண்டு, வெற்றிலை பாக்கு, சுருட்டு ஒரு கட்டு. பெரியவர்களுக்குப் படைப்பது போல எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கினார். அம்மா போன வருடமே வாங்கி வைத்தது என்றார். "அப்பா" என்று கூப்பிட வாயெடுத்தார். அது வரவில்லை. கூப்பிட்டுப் பழக்கமில்லையே.

திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "அண்ணே, எங்கப்பாவுக்கு அப்ப என்ன வயசு இருக்கும்?"

"என்னவிட ஒம்பது வயசு கூடலா. இருபத்தாறு."

"இருபத்தாறா?"

அக்கா அந்தச் சுருட்டுக் கட்டைப் பார்த்தார். இத்தனை வருடமும் அவர் மனதில் அப்பாவுக்கும் அம்மாவோடு சேர்ந்து தலை நரைத்திருக்கிறது, அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "என் சின்னவனுக்கே முப்பத்தொண்ணு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மங்கு வரிசையைத் தாண்டிக் கையை நீட்டி, அந்த மண்ணை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

"பயந்துட்டியாடா கண்ணு? மெஷின் வராது. தூங்கு."